நீலத்திரை தோன்றினால் நெஞ்சம் கலங்காதீர்

மடிக்கணினி என்பது ஒருகாலத்தில் காரியாலயங்களில் மாத்திரமே காணக்கூடிய பொருளாக இருந்தது. இன்றோ அது குடும்பத்தில் ஓர் அங்கத்தவர் போலாகிவிட்டது. பிள்ளைகளின் பாடக்குறிப்புகள், தந்தையாரின் கணக்குகள், தாயார் சேர்த்துவைத்த திருமணப் படங்கள், கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பிய கடிதங்கள் ஆகிய யாவும் அச்சிறு பெட்டிக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. ஆதலினாலேதான், வேலை நடந்துகொண்டிருக்கும்போது திடீரெனத் திரை முழுவதும் நீலநிறமாகி, ஆங்கில எழுத்துக்களில் ஏதோ ஓர் அறிவிப்புத் தோன்றியதும் வீட்டார் அனைவரும் பதறிப்போகின்றனர். “கணினி செத்துவிட்டது” என்பார் ஒருவர். “வைரஸ் புகுந்துவிட்டது” என்பார் மற்றொருவர். “உடனே கடைக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்” என்பார் இன்னொருவர்.

இம்மூன்றனுள் மூன்றாவது ஆலோசனையே மிகவும் ஆபத்தானது. நீலத்திரை என்பது அழிவன்று, அறிவிப்பு. அது தோன்றிய மாத்திரத்தில் வீட்டுப் படங்களும் பத்திரங்களும் அழிந்துவிடுவதில்லை. அதனைக் கண்டு அவசரப்பட்டு நாம் செய்யும் காரியமே பல சமயங்களில் அவற்றை அழித்துவிடுகின்றது. ஆகவே, நீலத்திரை எதனைக் கூறுகின்றது என்பதையும், அதனைக் கண்டவர்கள் முதலில் எதனைச் செய்யவேண்டும் என்பதையும் இங்கே எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

நீலத்திரை என்பது யாது?

விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமை இரண்டு பகுதிகளாக இயங்குகின்றது. நாம் எழுதவும் பார்க்கவும் பயன்படுத்தும் மென்பொருள்கள் வெளிமண்டபத்தில் இருக்கின்றன எனலாம். நினைவகத்தையும் வன்தட்டையும் திரையையும் ஆளுகின்ற ‘கெர்னல்’ என்னும் கருப்பகுதி உள்வீட்டில் இருக்கின்றது. வெளிமண்டபத்திலுள்ள மென்பொருள் ஒன்று பிழைசெய்தால் அது மாத்திரம் மூடப்படும். ஏனையவை தம்பாட்டில் நடக்கும். ஆயின், உள்வீட்டிலே பிழை நேர்ந்துவிட்டால், நினைவகத்திலுள்ள எந்த எழுத்தை நம்புவது, எதனை நம்பாதிருப்பது என்று கணினிக்கே தெரியாது போகின்றது. அந்நிலையில் தொடர்ந்து இயங்கினால், பிழையான தகவல்களை வன்தட்டில் எழுதி, நல்லவற்றையும் கெடுத்துவிடக்கூடும். அதனாலேதான் கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொள்கின்றது. தண்டவாளத்தில் வெடிப்பைக் கண்ட புகையிரத ஓட்டுநர், பிரயாணிகள் முணுமுணுத்தாலும் வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திவிடுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். நிறுத்துமுன், நேர்ந்தது யாதென அறிவதற்குரிய பதிவொன்றையும் அது வன்தட்டில் எழுதிவைக்க முயல்கின்றது.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார் இதனை ‘ஸ்டொப் எரர்’ எனவும் ‘பக் செக்’ எனவும் வழங்குவர். 2012 ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வெளிவந்தபோது இத்திரையில் வாடிய முகக்குறி ஒன்று சேர்க்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் விண்டோஸ் 11 இன் புதிய பதிப்பில் நீலநிறமே நீக்கப்பட்டுக் கறுப்பு நிறம் கொடுக்கப்பட்டது, முகக்குறியும் எடுக்கப்பட்டது. ஆகையால், புதிய கணினி வைத்திருப்போர் கறுப்புத் திரையில் அதேவகையான அறிவிப்பைக் கண்டால், அதுவும் இதுவே என அறிந்துகொள்க.

இதனால் வெட்கப்படவேண்டியதும் எதுவுமில்லை. 1998 ஆம் ஆண்டு ஏப்ரில் 20 ஆந் திகதி, சிக்காகோ நகரில் நடைபெற்ற கொம்டெக்ஸ் கண்காட்சியிலே, பில் கேட்ஸ் அவர்கள் மேடையில் நின்று விண்டோஸ் 98 இன் சிறப்புக்களை விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளர் ஸ்கேனர் கருவியொன்றைக் கணினியோடு இணைத்த மாத்திரத்தில், சபையோர் முன்னிலையிலேயே நீலத்திரை தோன்றிவிட்டது. சபை சிரித்தது, அவரும் சிரித்துச் சமாளித்தார். அந்நிகழ்ச்சியில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அதற்கு ஒரு நிமிடம் முன்வரை நன்றாயிருந்த கணினியிலே, புதிதாய்ச் சேர்ந்த பொருள் ஒன்றே கலகம் விளைத்தது.

குற்றவாளி யார்?

அச்சடிக்கும் கருவி, கமரா, வைஃபை, திரை ஆகிய ஒவ்வொன்றையும் விண்டோசுடன் பேசவைப்பதற்குத் தனித்தனி மென்பொருள்கள் உண்டு. இவற்றை ‘டிரைவர்’ என்பர். இவற்றுட் பல உள்வீட்டிலே நுழைந்து இயங்கும் உரிமை பெற்றவை. நீலத்திரைக்குக் காரணமானவற்றை ஆராய்ந்த மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார், நூற்றுக்கு 70 பங்கு பிறர் எழுதிய டிரைவர்களாலும், 10 பங்கு வன்பொருட் பழுதுகளாலும், 5 பங்கு தமது சொந்த மென்பொருளாலும் நேர்கின்றன என்றும், எஞ்சிய 15 பங்குக்கு நினைவகம் மிகவும் சிதைந்திருப்பதனால் காரணம் அறியமுடியவில்லை என்றும் கூறியுள்ளனர்.

இக்கணக்கு நமக்கு ஆறுதல் தருவது. பத்தில் ஏழு பங்கு, பணங்கொடுத்து உறுப்பு மாற்றவேண்டிய நோயன்று. ஒரு மென்பொருளைத் திருத்தினால் அல்லது நீக்கினால் தீரக்கூடிய நோய்.

இதற்கு 2024 ஆம் ஆண்டு யூலை 19 ஆந் திகதி நிகழ்ந்த சம்பவத்தைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களின் கணினிகளைக் காவல்செய்யும் கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், அன்று இலங்கை நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்குப் பிழையுள்ள சிறு கோப்பு ஒன்றைத் தன் வாடிக்கையாளரின் கணினிகளுக்கு அனுப்பியது. 78 நிமிடங்களில் அதனை மீளப்பெற்றுக்கொண்டது. எனினும், அதற்கிடையில் ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன என மைக்ரோசொஃப்ட் கணக்கிட்டது. உலகெங்கும் விமானப் பயணங்கள் தடைப்பட்டன. வைத்தியசாலைகளின் அலுவல்கள் குழம்பின. ஆனால், இத்தனை கணினிகளிலும் எந்த உறுப்பும் பழுதடையவில்லை. கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு, மீண்டும் தொடக்குவதே பரிகாரமாயிருந்தது. அன்று அவற்றை எல்லாம் முழுதாய் அழித்துப் புதிதாகப் போட்டிருந்தால், சிறு முள்ளை எடுப்பதற்குக் காலையே வெட்டியது போலாகியிருக்கும்.

அவசரத்தின் விலை

நாம் அறிந்த குடும்பமொன்றிலே, ஒரே வாரத்தில் இருமுறை நீலத்திரை தோன்றியது. மூத்த மகன் மடிக்கணினியைத் திருத்தும் கடையொன்றுக்கு எடுத்துச்சென்று, ‘ஃபோர்மட்’ செய்து தரும்படி கேட்டான். “உள்ளே முக்கியமானவை ஏதும் உண்டா, தம்பி?” என்று கடைக்காரர் வினவினார். தன் பாடங்களைப் பென் டிரைவில் எடுத்துவைத்திருந்த அவன், ஒன்றும் இல்லையென்று விடையிறுத்தான். அவன் பொய் சொல்லவில்லை. காலஞ்சென்ற அம்மம்மாவின் கடைசி வருடப் படங்களைத் தாயார் தமது கைப்பேசியிலிருந்து அக்கணினிக்கு மாற்றி வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. கணினி புதிதுபோல் வீடு திரும்பியது. எட்டாம் நாள் அதே நீலத்திரை மறுபடியும் தோன்றிற்று! பின்னர் வேறொருவர் திறந்து பார்த்தபோது, நினைவகத் துண்டுகளில் ஒன்று பழுதாயிருப்பது தெரியவந்தது. துண்டை மாற்றியதும் நீலத்திரை போய்விட்டது. படங்கள் திரும்பி வரவேயில்லை.

இதில் கடைக்காரரையோ பையனையோ குறைகூறுவதற்கில்லை. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுக்கப்பட்டது, அதுவே தவறு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இத்தகைய வேளைகளுக்காகவே.

முதலில் செய்யவேண்டியவை

திரை தோன்றியவுடன் கைப்பேசியை எடுத்து அதனைப் படம்பிடித்துக்கொள்க. ‘ஸ்டொப் கோட்’ என்னும் சொற்களை அடுத்து வரும் பெயரும், சில சமயங்களில் ‘வட் ஃபெயில்ட்’ என்பதை அடுத்து வரும் கோப்பின் பெயருமே நோயின் அடையாளங்கள். படம்பிடிக்குமுன் திரை மறைந்துவிட்டாலும் கவலையில்லை. கணினி மீண்டும் எழுந்ததும், தேடுமிடத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், நாள்தோறும் நேர்ந்த பிழைகளைச் சிவப்புக் குறியிட்டுக் காட்டும் பட்டியல் ஒன்று திறக்கும்.

அடுத்து, கொப்பியொன்றில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்க: நேர்ந்த நாளும் நேரமும், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, அதற்கு முந்திய சில நாட்களில் புதிதாகச் சேர்த்த கருவி, மென்பொருள் அல்லது விண்டோஸ் புதுப்பிப்பு. ஒருமுறை தோன்றிப் பின்னர் பல வாரங்களாகத் தோன்றாத நீலத்திரைக்கு எவ்வித வைத்தியமும் தேவையில்லை. திரும்பத் திரும்ப வருவதே கவனிக்கத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் உலாவும்போது, நீலத்திரையைப் போலவே வேடமிட்ட பக்கங்கள் சில திரை முழுவதையும் மூடிக்கொண்டு, “இந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே பேசுக” என்று மிரட்டுவதுண்டு. உண்மையான நீலத்திரையில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இராது. அது பணமும் கேட்காது. தொலைபேசி இலக்கம் காணப்பட்டால் அது மோசடியே. அப்பக்கத்தின் முழுத்திரை நிலையை நீக்குவதற்கு எஸ்கேப் விசையைச் சிறிதுநேரம் அழுத்திப் பிடிக்கலாம். அதனை மூடுவதற்கு ஓல்ட் விசையையும் எஃப்4 விசையையும் ஒருங்கே அழுத்தலாம். அந்த இலக்கத்துக்கு அழைத்து, அந்நியரைக் கணினிக்குள் விடுவது வீட்டுச் சாவியைக் கள்வன் கையிற் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

படங்கள் முதல், பரிகாரம் பிறகு

கணினி எழும்பி இயங்குமாயின், வேறெதையும் தொடுமுன்னர், படங்களையும் பத்திரங்களையும் வெளித்தட்டு ஒன்றிலோ பென் டிரைவிலோ பிரதிசெய்துகொள்க. திரையின் முகப்பில் கிடப்பவற்றையும், ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் உள்ளவற்றையும் பலர் மறந்துவிடுகின்றனர். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் அழைத்து, “உன்னுடையவை எங்கே இருக்கின்றன?” எனக் கேட்டறிவது நன்று.

கணினி எழும்ப மறுக்குமாயின் பாதுகாப்பு நிலையை நாடவேண்டும். விண்டோஸ் எழும்பத் தொடங்கும்போது மின்பொத்தானை அழுத்திப்பிடித்து அணைத்துவிடுக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால், மீட்புப் பட்டியல் தானாகவே தோன்றும். அதிலே ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’ என்பவற்றை வரிசையாகத் தெரிந்து, பின்னர் வரும் பட்டியலில் 4 என்னும் இலக்கத்தை அழுத்துக. அத்தியாவசியமான டிரைவர்களை மாத்திரம் கொண்டு கணினி எழும்பும். அப்போதும் பிரதியெடுக்கலாம்.

புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டு ‘பிட்லொக்கர்’ என்னும் பூட்டினால் மறைகுறியாக்கப்பட்டிருக்கின்றது. உரிமையாளர் அறியாமலே இப்பூட்டு இடப்பட்டிருத்தலும் கூடும். மீட்பு வேலைகளின்போது கணினி 48 இலக்கங்கள் கொண்ட திறவுகோலைக் கேட்டால் பலர் திகைத்துப் போவர். கணினியைத் தொடக்கியபோது கொடுத்த மைக்ரோசொஃப்ட் கணக்கினுள், கைப்பேசி மூலமாக நுழைந்தால், பெரும்பாலும் அத்திறவுகோலை அங்கே காணலாம். நோய் வருமுன்னரே அதனைத் தாளில் எழுதிக் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம். திறவுகோல் இல்லையாயின், எத்துணைத் திறமையுள்ள திருத்துநராலும் பூட்டிய தட்டைத் திறத்தல் இயலாது.

காரணத்தைத் தேடும் முறை

இனி, காரணத்தைத் தேடலாம். இதற்குரிய பொன்விதி ஒன்றே: ஒரு வேளையில் ஒரு மாற்றத்தை மாத்திரம் செய்க, செய்தபின் ஓரிரு நாட்கள் பொறுத்துப் பார்க்குக. ஐந்து மருந்துகளை ஒருங்கே உண்டவன் எதனாற் குணமடைந்தான் என்பதை அறியமாட்டான்.

முதலாவதாக, புதிதாக இணைத்த கருவிகள் யாவற்றையும் கழற்றிவிடுக. புதிதாகச் சேர்த்த மென்பொருளை நீக்குக. வைரஸ் காப்பு மென்பொருள்கள் இரண்டு இருப்பின் ஒன்றை அகற்றுக. ஒரே வாசலில் இரு காவற்காரர் நின்று மல்லுக்கட்டுவதும் உண்டு. குறித்த கருவியொன்றின் டிரைவரைப் புதுப்பித்த பின்னர் தொல்லை தொடங்கியிருந்தால், ‘டிவைஸ் மனேஜர்’ என்னும் பகுதியில் அக்கருவியைத் தெரிந்து, ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதைக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம். புதிய டிரைவர் வேண்டுமாயின், கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுக. டிரைவர்களைத் தேடித்தருவதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நம்பாதீர்.

இரண்டாவதாக, பாதுகாப்பு நிலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கணினியை இயக்கிப் பார்க்குக. அங்கே நீலத்திரை வராமல், வழமையான நிலையில் மாத்திரம் வருமாயின் டிரைவர் அல்லது மென்பொருள்மீது சந்தேகம் கொள்ளலாம். அங்கேயும் வருமாயின் வன்பொருளை ஆராயவேண்டும்.

மூன்றாவதாக, விண்டோசின் சொந்தக் கோப்புகளைப் பரிசோதிக்கலாம். ‘கமாண்ட் புரொம்ட்’ என்பதை நிர்வாகி உரிமையோடு திறந்து, எஸ், எஃப், சி ஆகிய மூன்று ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடைவெளியையும், சாய்கோட்டையும், அதையொட்டி ‘ஸ்கேன்நவ்’ என்னும் சொல்லையும் தட்டினால், கெட்டுப்போன கோப்புகளைக் கணினி தானே தேடிச் சீர்செய்ய முயலும்.

நான்காவதாக, நினைவகத்தைச் சோதிக்கலாம். ‘விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்’ என்னும் சோதனை கணினியிலேயே உள்ளது. அது முடிய நெடுநேரம் செல்லுமாதலால் இரவில் தொடக்கிவிடுதல் நன்று. அப்போது சார்ஜர் இணைந்திருத்தல் வேண்டும்.

அறிவிப்பிலுள்ள பெயரும் இத்தேடலுக்கு வழிகாட்டும். ‘மெமரி மனேஜ்மென்ட்’ என்றிருந்தால் நினைவகத்தை முதலிற் பார்க்குக. எனினும், டிரைவர்களும் இதே அறிவிப்பை எழுப்புவதுண்டு. ‘டிரைவர்’ என்னும் சொல்லோடு தொடங்கினால் டிரைவரைத் தேடுக. ‘வீடியோ’ என்று தொடங்கினால் திரையை இயக்கும் டிரைவரைக் கவனிக்குக. ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்றால், விண்டோஸ் இருக்கும் தட்டைக் கணினி அணுக முடியவில்லை என்பது பொருள். டபிள்யூ, எச், ஈ, ஏ ஆகிய நான்கு எழுத்துக்களோடு தொடங்கினால் வன்பொருளே முறையிடுகின்றது என்று கொள்ளலாம். தட்டு பழுதென்று சிறிதளவேனும் ஐயம் எழுந்தால், சோதனைகளை நிறுத்திவிட்டுப் பிரதியெடுப்பதே முதற்கடமை.

வெப்பத்தையும் மறத்தலாகாது. மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்து இயக்கினால் காற்றுத் துவாரங்கள் அடைபடும். தூசி படிந்த விசிறியும் அவ்வாறே. வெப்பம் மிகுந்த கணினி பெரும்பாலும் நீலத்திரையைக் காட்டாது சட்டென அணைந்துவிடும். ஆகவே, அறிவிப்பின்றி அணைவதும் அறிவிப்போடு நிற்பதும் வெவ்வேறு நோய்கள் என்பதைக் கொப்பியிற் குறித்துக்கொள்க.

கடைக்குச் செல்லும்போது

இவ்வளவு செய்தும் தொல்லை நீங்காவிடின், அல்லது நினைவகமோ தட்டோ பழுதெனத் தெரியவந்தால், திருத்துநரை நாடுவதே முறை. வெறுங்கையோடு சென்று “நீலமாக வருகின்றது” என்று கூறாமல், படம்பிடித்த அறிவிப்பையும் குறிப்புக் கொப்பியையும் காட்டுக. திறமையான திருத்துநருக்கு அவை பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். “எதனை மாற்றப்போகின்றீர்கள்? ஏன்?” என்று மரியாதையோடு வினவுக. நம்முடைய சம்மதமின்றித் தட்டை அழிக்கக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்க.

விண்டோசைப் புதிதாக நிறுவவேண்டிய வேளையும் வரக்கூடும். அப்போதும் இரண்டு வழிகள் உண்டு. ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பது படங்களையும் பத்திரங்களையும் வைத்துக்கொண்டு மென்பொருள்களை அகற்றுவது. ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பது அனைத்தையும் துடைத்துவிடுவது. இவ்விரண்டின் வேற்றுமையை அறியாது பொத்தானை அழுத்துதல் ஆகாது. முதலாவது வழியைத் தெரிந்தாலும், பிரதி ஒன்று வெளியே இருத்தல் வேண்டும்.

மடிக்கணினி பழுதடைந்தால் இன்னொன்று வாங்கலாம். விண்டோஸ் கெட்டால் மீண்டும் நிறுவலாம். காலஞ்சென்றோரின் முகமும் குழந்தையின் முதல் நடையும் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையா. ஆதலின், இக்கட்டுரையை வாசிக்கும் அன்பர்கள் நீலத்திரை வரும்வரை காத்திராது, இன்றைய ஞாயிற்றுக்கிழமையிலேயே அரைமணி நேரம் ஒதுக்கி, வீட்டுப் படங்களைப் பிரதியெடுத்து அலுமாரியில் வைப்பார்களாக. அதனைச் செய்துவிட்ட வீட்டில் நீலத்திரை தோன்றினால், அது ஒருநாட் பொழுதின் தொல்லையே அன்றிப் பெருந்துயரமாகாது.